பெலன் இருந்தால் போதும், மோனை!

எட மோனை, உன்ரை மொறிஸ் மைனரைப் பற்றித்தான் இப்ப ஒழுங்கை முழுக்கக் கதை. பெடலை ஒருக்கா மிதிச்சால் கால் பலகையிலை முட்டுதாம். ரண்டாந்தரம் மிதிச்சால் பாதியிலை நிக்குதாம். மூண்டாந்தரம் மிதிச்சால்தான் காருக்கு நிக்கிற எண்ணமே வருதாம். பரவாயில்லை. சந்தியிலை ஆடு குறுக்கை வந்தால், தம்பி இன்னும் ரண்டு தரம் மிதிக்க இருக்கு, கொஞ்சம் பொறு எண்டு ஆட்டுக்குச் சொல்லிப்போட்டால் முடிஞ்சுது.

நீயும் சும்மா இருக்கேல்லைத்தானே. கடைக்குப் போய் ஒரு போத்தல் பிறேக் ஒயில் வாங்கியந்து ஊத்தினாயாம். தாங்கி நிரம்பிக் கிடக்கக் கிடக்க ஊத்தினாயாம். கொண்டுபோற வழியிலை மட்காட்டிலை சிந்தி, அந்த இடத்திலை பெயிண்ட் பொங்கி உரிஞ்சும் போச்சுதாம். பெயிண்ட் உரிக்கிறதுக்குப் பிறேக் ஒயிலை விட நல்ல சாமான் இல்லை எண்டதையாவது அறிஞ்சுகொண்டாய். அந்த அறிவுக்குப் போத்தல் காசு பெரிசில்லை.

இனிக் கேள். பெடல் தாழுறது எல்லாம் ஒரே வருத்தம் இல்லை. மிதிச்சபடி வைச்சிருக்க மெல்ல மெல்லக் கீழை இறங்கினால் எங்கையோ ஒழுகுது, இல்லாட்டி மாஸ்டர் சிலிண்டர் வாசர் போட்டுது. மெத்தெண்டு அமுங்கினால் குழாய்க்குள்ளை காத்து. உன்ரை கார் மாதிரி, விட்டு விட்டு மிதிக்க மேலை வந்து இறுகினால், லைனிங் தேஞ்சு, ஷூவுக்கும் டிறத்துக்கும் இடையிலை வெளி கூடிப்போச்சு. அந்த வெளியைக் குறைக்கத்தான் அஜஸ்டர் எண்ட ஒண்டை வைச்சிருக்கிறாங்கள். உன்ரை காரிலை அதுவும் இருக்கு. நீ காணேல்லை, அவ்வளவுதான்.

1948 ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சிக்கு வந்த வண்டி உது. கீறினவர் அலெக் இசிகோனிஸ். முன்சில்லு ஒவ்வொண்டுக்கும் ரண்டு அஜஸ்டர், பின்சில்லு ஒவ்வொண்டுக்கும் ஒண்டு, மொத்தம் ஆறு. கப்பைக் கழட்டிச் சில்லை மெல்லச் சுத்தினால் டிறத்திலை இருக்கிற ஓட்டை அஜஸ்டருக்கு நேரை வரும். ஸ்குறூ டிறைவரை விட்டு வலப்பக்கம் திருப்பினால் ஷூ டிறத்திலை போய்ப் பிடிக்கும். பிடிச்ச பிறகு ஒரு சொடுக்கு பின்னுக்கு விட்டால் சரி. சில்லைக் கழட்டவும் தேவையில்லை. அவ்வளவு லேசாய்ச் செய்து தந்த ஆளுக்கு, எங்கடை ஆக்கள் வருசக்கணக்காய் அதைத் தொடாமல் விட்டுக் கைமாறு செய்திருக்கினம்.

தொடாமல் விட்டால் என்ன நடக்கும்? யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தாலை போய்வாற வண்டிக்கு உப்புக்காத்து ஒரு பக்கம், மாரிக்கு ஒழுங்கையிலை நிக்கிற வெள்ளம் இன்னொரு பக்கம். லைனிங் தூள் ஈரத்தோடை சேர்ந்து கட்டியாய்ப் போகும். அஜஸ்டர் எண்டது பெரிய பொறி ஒண்டுமில்லை, ஒரு சின்னத் தகட்டு மூடிக்குள்ளை சுத்துற நத்தைவடிவத் துண்டு. அந்த மூடிக்குள்ளை கறள் ஏறினால் பிறகு ஆளும் ஆடான், ஆயுதமும் ஆடாது.

இப்ப நீ என்ன செய்யப் போறாய் எண்டு எனக்குத் தெரியும். பெலன் இருக்கு, வயசும் இருக்கு. ரேடியோ திருத்துற மெல்லிய ஸ்குறூ டிறைவரை விட்டு முக்கித் திருப்பு. தவாளிப்பின்ரை ரண்டு பக்கமும் வழிச்சுக்கொண்டு வரும். பிறகு அதுக்குள்ளை எதைப் போட்டாலும் நிக்காது. அது உன்ரை சாதனை. அதுக்கும் அசையாட்டிக் காஸ் லாம்பைக் கொண்டுவந்து சூடாக்கு. உள்ளுக்கை சிலிண்டரிலை ரப்பர் வாசர் இருக்கு, அது உருகும். பிறேக் ஒயில் இருக்கு, அது பத்தும். நீ முதல்நாள் மண்ணெண்ணை அடிச்சிருந்தால் அதுவும் சேரும். புருவம் மழிக்கிற செலவும் மிச்சம்.

மண்ணெண்ணை எண்ட உடனை சொல்ல வேணும். 1990களிலை பொருளாதாரத் தடை இருந்த காலம் பெற்றோலைக் கண்ணாலை காண ஏலாது. காபறேற்றருக்குள்ளை நாலு துளி பெற்றோல் விட்டு ஸ்டாட் பண்ணி, மண்ணெண்ணையிலைதான் யாழ்ப்பாணத்துப் பழங்கார் எல்லாம் ஓடினது. அந்தப் புகையிலை வளர்ந்ததாலை எங்கடை ஆக்களுக்கு எல்லா வருத்தத்துக்கும் மண்ணெண்ணைதான் மருந்து. எஞ்சினுக்கு அது பொறுத்துது. பிறேக்குக்குப் பொறுக்காது. லைனிங்கிலை பட்டால் ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் வழுக்கும். சிலிண்டர் ரப்பரிலை ஊறினால் ரப்பர் பொங்கும். ஓட்டைக்குள்ளாலை கண்ணை மூடிக்கொண்டு பீச்சியடிக்கிற ஆள், அஜஸ்டரை இளக்கினாலும் பிறேக்கைக் கெடுத்துப்போடுவான்.

பெலன் இல்லாத கிழவன் செய்யிற முறை வேறை. அது உனக்குப் பிடிக்காது, ஏனெண்டால் அதிலை பாதி வேலை படுத்து நித்திரை கொள்ளுறது.

முதல் மற்றச் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக் குடு. பின்சில்லைப் பாக்கிறதெண்டால் கைப்பிறேக்கை விட்டுத்தான் ஆகவேணும், அப்ப முட்டு இல்லாத கார் உன்னட்டைக் கேக்காமல் வெளிக்கிடும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழை பூராதை. சீமெந்துக் கல் வைக்காதை, அது வெடிக்கும். நல்ல பனங்குத்தி கிடந்தால் வை.

இறுகின அஜஸ்டருக்குச் சில்லைக் கழட்டத்தான் வேணும். கழட்டினால் டிறத்திலை ரண்டு ஸ்குறூ இருக்கும். அதுகளும் உன்னைக் காத்துக்கொண்டு கறளோடைதான் நிக்கும். தவாளிப்பைச் சுரண்டி, அளவான தடிச்ச ஸ்குறூ டிறைவரை வைச்சு, அதின்ரை பிடியிலை சுத்தியலாலை நேரை ஒரு தட்டுத் தட்டிப்போட்டுத் திருப்பு. டிறம் வர மறுத்தால் கட்டையாலை சுத்திவரத் தட்டு. கம்பியை விட்டு நெம்பினால் பின்தகடு வளையும், அதையும் நீ செய்வாய் எண்டுதான் முன்கூட்டிச் சொல்லுறன்.

டிறம் கழண்ட உடனை அந்தத் தூளை வாயாலை ஊதுறது எங்கடை சம்பிரதாயம். பழைய லைனிங்கிலை அஸ்பெஸ்டஸ் இருக்கும். ஊதினால் அது உனக்குள்ளைதான் போகும். ஈரத்துணியாலை துடைச்சு எடு.

இனித்தான் வேலை. ஒரு பக்கத்தைக் கழட்டித் திரும்பப் பூட்டி முடிக்குமட்டும் மற்றப் பக்கத்தைத் தொடாதை. வில்லு எந்த ஓட்டையிலை கொழுவியிருந்தது எண்டு பாக்க உனக்கு ஒரு பக்கம் முழுசாய் வேணும். படம் எடுத்து வைச்சிருக்கிறன் எண்டு போனைக் காட்டுவாய், அது சாச் இல்லாமல் கிடக்கும். ஷூவை எடுத்தால் மூடியும் அஜஸ்டரும் பிஸ்டன் நுனியிலையிருந்து கையோடை வரும். அதைச் சிரட்டைக்குள்ளை போட்டு, உனக்கு விருப்பமான மண்ணெண்ணையை இப்ப ஊத்து. காரிலை இல்லை, சிரட்டையிலை. இரவு முழுக்கக் கிடக்கட்டும். நீயும் கிட.

விடியத் தேத்தண்ணி குடிச்ச பிறகு எடு. கறள் பிடிச்ச அஜஸ்டர் கோவிச்சுக்கொண்டு வந்து நிக்கிற மாப்பிளை மாதிரி, ஒரே பக்கம் இழுத்தால் வராது. கொஞ்சம் முன்னுக்கு, கொஞ்சம் பின்னுக்கு, பிறகு ஒரு சின்னத் தட்டு, திரும்பவும் மண்ணெண்ணை. ஒரு நூல் அசைஞ்சால் அரைவாசி வேலை முடிஞ்சுது. முழுச்சுத்துச் சுத்தின பிறகு கம்பிப் புறுசாலை தேய்ச்சு, மண்ணெண்ணை வாசமே இல்லாமல் துடைச்சு, சுத்துற இடத்திலை மட்டும் சூடு தாங்கிற கிறீஸ் ஒரு பொட்டு வை. திருநீறு பூசின மாதிரிப் பூசாதை எண்டு சொல்ல வந்தன், ஆனால் உனக்கு அளவு எண்டு ஒண்டு இருக்கெண்டு நம்புறன்.

உன்ரை மச்சானிட்டை நிக்கிற மினியும் இதே இசிகோனிஸ் கீறினதுதான். அதிலை பின்சில்லு அஜஸ்டரைத் தகட்டுக்குப் பின்னாலை, சேறு நேரை வந்து அடிக்கிற இடத்திலை, சதுரத் தலையோடை வைச்சிருக்கினம். அதுக்கெண்டு சதுரவாய்ச் சாவி இருக்கு. அவன் குறடாலை பிடிச்சு அந்தச் சதுரத்தை வட்டமாக்கி வைச்சிருக்கிறான். அதுக்குத் தகட்டோடை மாத்திறதை விட வேறை வழி அனேகமாய் இல்லை. அவனிட்டை யோசனை கேக்கப் போகாதை.

ஒரு விசயம் மறந்தும் செய்யாதை. டிறம் இல்லாத நேரம் பெடலை மிதிக்காதை. பிஸ்டன் பாஞ்சு வெளியிலை வரும், முற்றம் முழுக்க ஒயில் ஓடும். வீட்டிலை சின்னப் பிள்ளையள் நிண்டால் கார்க்கதவைச் சாத்தி வை. உனக்கும் சேர்த்துத்தான் சொல்லுறன்.

பூட்டின பிறகு ஆறையும் இறுக்கி, பெடலை நல்லாய் மிதிச்சு ஷூவை நடுவுக்கு வர வைச்சு, திரும்ப இறுக்கிப் பார்த்து, ஒரு சொடுக்கு விடு. சில்லைக் கையாலை சுத்த லேசாய் உரசுற சத்தம் கேட்டால் குற்றமில்லை, சில்லு நிண்டால் குற்றம். கைப்பிறேக் கேபிளை அதுக்குப் பிறகுதான் தொட வேணும். முதலே கேபிளை இறுக்கி, கைப்பிறேக் வடிவாய்ப் பிடிக்குது எண்டு திரியிற பேய்க்காயள் இந்த ஊரிலை கனபேர்.

முதல் ஓட்டத்தை வெறும் ஒழுங்கையிலை, நடக்கிற வேகத்திலை ஓடிப் பார். ஒரு பக்கம் இழுத்தால் பிரதான வீதிக்கு ஏறாமல் திரும்பி வா. மாரி தொடங்க முந்தி ஒருக்கா, முடிஞ்ச பிறகு ஒருக்கா, ஆறையும் அசைச்சு விட்டால் போதும். அதுக்கும் நேரமில்லை எண்டால் காரை எனக்கே வித்துப்போடு. விலை மட்டும் பிறேக் இல்லாத காருக்குரிய விலைதான் தருவன், சொல்லிப்போட்டன்.