பத்மினியின் பாதங்களைத் திருப்பித் தரக் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
தங்கள் சந்தாதாரர்களில் ஒருவன்,
உத்தர வீதி, ஸ்ரீரங்கம்,
திருச்சிராப்பள்ளி – 620 006.

பெறுநர்:
உயர்திரு பரிந்துரை இயந்திரம் அவர்கள்,
பழைய படங்கள் பிரிவு,
ஓடிடி நிறுவனங்கள் அனைத்தும்.

பொருள்: வீட்டில் உட்கார்ந்து பார்க்கத்தக்க பழைய தமிழ்ப் படங்களைத் தலை, கால் சேதமின்றி வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தவை’ என்று தாங்கள் அன்றாடம் அனுப்பும் அறிவிப்புகள்.

ஐயா (அல்லது அம்மா, அல்லது தாங்கள் எதுவோ அது),

வணக்கம். தங்கள் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை. மாதம் பிறந்ததும் என் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்கிற சுறுசுறுப்பிலேயே தெரிகிறது.

எங்கள் பின்கோடைப் பார்த்ததுமே தாங்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. 620 006 என்றால் ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம் என்றால் பெருமாள், பெருமாள் என்றால் பக்திப் படம். விடிந்தால் ஒரு பக்திப் படம், பொழுது சாய்ந்தால் வேறு மொழியிலிருந்து குரல் மாற்றிய புராணத் தொடர். எங்கள் பக்தியைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம். அதைக் கவனித்துக்கொள்ள ஏழு பிராகாரம், இருபத்தொரு கோபுரத்தோடு ஒருவர் இங்கேயே பள்ளிகொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகு எங்களுக்கு வேண்டியது கொலை, பேய், காதல், வயிறு வலிக்கச் சிரிப்பு.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் ஒருவர் வாலி என்று பெயர் வைத்துக்கொண்டு எம்.ஜி.ஆருக்குப் பாட்டெழுதப் போனார். இன்னொரு ரங்கராஜன் சுஜாதா ஆகிக் கொலையும் துப்பறிதலுமாக எழுதிக் குவித்தார். அவர் கதையை வைத்து 1977-இல் எடுத்த ‘காயத்ரி’யில் ரஜினிகாந்த் வில்லன். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் சிவாஜி சிறுபிள்ளையாகத் திரிந்த சங்கிலியாண்டபுரம். எம்.ஆர். ராதா 1979 செப்டம்பர் 17 அன்று, அதுவும் பெரியார் பிறந்த நாளில், கண்ணை மூடியதும் திருச்சியில்தான். ‘ரத்தக்கண்ணீர்’ (1954) பார்த்து, அந்த ஏச்சையும் பேச்சையும் ரசித்து வளர்ந்த ஊருக்குத் தாங்கள் பாலாடையில் பக்தி புகட்டப் பார்க்கிறீர்கள்.

சரி, பக்திப் படமே தருகிறீர்கள், அதையாவது உரிய இடத்தில் வைத்தீர்களா? ஏ.பி. நாகராஜனின் ‘திருமால் பெருமை’யில் (1968) விப்ரநாராயணர் (பின்னாளில் தொண்டரடிப்பொடியார்) கதை வருகிறது. எங்கள் ஊரில் நடந்தது. சந்நிதியின் பொன்வட்டில் காணாமல் போகிறது. தாசி வீட்டில் அகப்படுகிறது. பழி தொண்டரடிப்பொடியார் தலையில் விழுகிறது. எடுத்தவர் யாரென்று கடைசியில் வெளிப்பட்டும், இந்த ஊர் இன்றுவரை அவரைத்தான் சேவிக்கிறது. இதைத் தாங்கள் ‘குற்றம், மர்மம்’ பிரிவில் போட்டால் எந்த வீதியிலிருந்தும் ஆட்சேபணை வராது என்று உறுதி கூறுகிறேன்.

தேடல் விவகாரத்துக்கு வருகிறேன். ‘ஹரிதாஸ்’ என்று அடித்தேன். 2013-இல் வந்த ‘ஹரிதாஸ்’ வந்து நின்றது. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. நான் கேட்டது 1944 தீபாவளிக்கு வெளியாகி, சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட எம்.கே. தியாகராஜ பாகவதர் படம். அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்தபோதே அவர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் உள்ளே போனார். 1947-இல் விடுதலையாகி வந்தபோது பழைய மவுசு திரும்பவில்லை. 1959-இல் இறந்தவரை அடக்கம் செய்ததும் அதே சங்கிலியாண்டபுரத்தில். ஊர்க்காரர் ஆயிற்றே, பெயரைச் சொன்னால் தெரியாமலா போகும் என்று ‘பாகவதர்’ என்று அடித்தேன். பாகவத உபன்யாசம் வந்தது. பின்கோடு மறுபடியும் தன் வேலையைக் காட்டிவிட்டது.

அடுத்தது உடற்சேதம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தையவை ஏறக்குறையச் சதுரமான சட்டத்துக்குள் எடுத்த படங்கள். இன்றைய டிவி அகலமானது என்றால் இரண்டு பக்கமும் கறுப்பாக விட்டுவிட்டால் தீர்ந்தது. கறுப்பைக் கண்டால் தங்களுக்கு ஆகாது. படத்தை இழுத்துப் பெரிதாக்கி, மேலேயும் கீழேயும் நறுக்கிவிடுகிறீர்கள். ‘தில்லானா மோகனாம்பாள்’ எங்கள் வீட்டுக்கு அந்த நிலையில்தான் வந்து சேர்ந்தது. சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாகஸ்வரம் திரையின் கீழ் விளிம்போடு நின்றுவிட்டது, அணைசைக் காணோம். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு மட்டும் குறையில்லாமல் கேட்கிறது. போட்டி சூடு பிடிக்கிறது, தவில் விரட்டுகிறது, மோகனா சுழல்கிறாள். முகம் தெரிகிறது, கை தெரிகிறது, இடுப்புக்குக் கீழே டிவி ஸ்டாண்டு தெரிகிறது. சலங்கைச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே புரியவில்லை. அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு கேட்டாள்: “ஏன்டா, பத்மினிக்குக் கால் எங்கேடா போச்சு?”

மேலே நறுக்கியதன் பலன் நாகேஷுக்கு. ‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) அவர் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில், கிட்டே வரும்போதெல்லாம் நெற்றிக்கு மேல் ஒன்றுமில்லை. தலையில்லாத ஆளைப் பார்த்துத்தான் பாலையா மிரள்கிறாரோ என்று அடுத்த வீட்டுப் பையன் கேட்கிறான்.

மர்மப் படங்களையும் விட்டுவைக்கவில்லை. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954). பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. 1943-இல் சென்னை மேல் ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம். ரேடியோ எஞ்சினியரான சிவாஜி சுடப்பட்டு விழுகிறார். சுட்டது யார் என்பதுதான் மொத்தப் படமும். தங்கள் கதைச்சுருக்கம் இரண்டே வரி. இரண்டாவது வரியில் கொலையாளியைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டது. பாவம் ஜாவர் சீதாராமன், சி.ஐ.டி.யாக வந்து ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார்! (கொலையாளி பெயரை நான் இங்கே எழுத மாட்டேன். வாசகர்கள் படத்தைப் பார்க்கட்டும்.) அதே பாலசந்தரின் ‘பொம்மை’ (1964) முடியும்போது அவரே திரையில் தோன்றி, படத்தில் வேலை செய்த கலைஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார். அப்படி ஒரு மரியாதையைத் தமிழ்ப் படத்தில் பார்ப்பது அபூர்வம். அவர் வாயைத் திறந்ததும் தாங்கள் அவரைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒட்டிவிட்டு, ‘அடுத்த படம் தொடங்குகிறது’ என்கிறீர்கள். அடுத்த படம்? பக்திப் படம்.

தங்களுக்குச் செயற்கை நுண்ணறிவும் கைவந்துவிட்டதாகக் கேள்வி. ‘ராஞ்சனா’வின் தமிழ் வடிவமான ‘அம்பிகாபதி’யை 2025 ஆகஸ்டில் மறுபடி வெளியிட்டபோது, இறந்த நாயகனை அந்த வித்தையால் பிழைக்க வைத்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்துப் பார்த்தும் பலிக்கவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஏனென்றால் 1937-இல் எல்லிஸ் ஆர். டங்கன் என்கிற, தமிழ் தெரியாத அமெரிக்கர், பாகவதரை வைத்து எடுத்த ‘அம்பிகாபதி’யும் இருக்கிறது, 1957-இல் சிவாஜி நடித்ததும் இருக்கிறது. பாட வேண்டிய நூறு பாட்டில் கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணி, தொண்ணூற்றொன்பதை நூறு என்று இளவரசி அமராவதி நினைத்துவிட்டதால்தான் கம்பர் மகன் அம்பிகாபதி தலை போயிற்று என்பது கதை. தாங்களோ கணக்கில் புலி. நூறாவது பாட்டைத் தாங்களே இட்டு நிரப்பிவிடுவீர்கள். சோழ மகாராஜா கம்பருக்குச் சம்பந்தி ஆகி, இருவரும் மாப்பிள்ளை அழைப்பில் சந்தனம் பூசிக்கொள்வதோடு படம் முடியும். வேண்டாம். ‘கர்ணன்’ படத்தை 2012-இல் டிஜிட்டலில் செப்பனிட்டுத் திரையிட்டபோது கர்ணன் அப்படியே செத்தான், ஜனம் அப்படியே அழுதது, சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது.

இந்த ஊர்க்காரன் சினிமா விஷயத்தில் இவ்வளவு துள்ளுவதற்குக் காரணம் உண்டு. 1905-இல் திருச்சி ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தூப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பியபோது அவருடைய படம் காட்டும் கருவியை வாங்கிக்கொண்டு, வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டப் புறப்பட்டார். வந்தவர்களிடம் அவர் பின்கோடு கேட்கவில்லை.

ஆகவே தங்கள் சமூகம் கருணை கூர்ந்து, சதுரப் படத்தைச் சதுரமாகவே காட்டவும். படத்தின் பெயரோடு ஆண்டையும் பார்த்துத் தேடித் தரவும். கதைச்சுருக்கம் எழுதுகிறவரை முதலில் வாய்தா வாங்கச் சொல்லவும். செத்தவர்களைச் செத்தவர்களாகவே விட்டுவிடவும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பத்மினியின் பாதங்கள் கிடைத்ததும் அத்தைக்குத் தனியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சந்தா பாக்கியில்லாத ஸ்ரீரங்கத்தான்.

நகல்: தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், புனே – தகவலுக்காக. தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று நம்மிடம் ஒரு பிரதிகூட இல்லை. பரணில் பழைய படச்சுருள் பெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன் புனேவுக்கு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள்.