குரங்கணியிலிருந்து ஜப்பானுக்கு

கேள்வி: அனிமே பார்த்துப் பார்த்து ஜப்பானிய மொழிமேல் ஆசை வந்துவிட்டது. ஏலக்காய் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அதைக் கற்க முடியுமா? வீட்டில் சிரிக்கிறார்கள்.
- ஒரு கல்லூரி மாணவி, குரங்கணி

பதில்: சிரிப்பவர்களிடம் ரஜினியின் ‘முத்து’வைச் சொல்லுங்கள். 1998-இல் ஜப்பானில் வெளியாகிச் சக்கைப்போடு போட்ட படம் அது. ரஜினி படத்தை முதல் நாள் பார்க்க விமானம் ஏறிச் சென்னைக்கு வரும் ஜப்பானியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் மசாலா பிடிக்கும்போது, ஏலக்காய் மண்ணில் பிறந்த உங்களுக்கு அனிமே பிடிக்கக் கூடாதா!

தமிழ் தெரிந்ததே உங்களுக்குப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ஜப்பானிய மொழியிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும். நம் வேற்றுமை உருபுபோல் பெயருக்குப் பின்னால் ஒட்டுகள் சேரும். ஹிரகானா, கதகானா அடிப்படை எழுத்துகள் தலா 46. நம் 247-ஐப் பழகிய கைக்கு அது ஒரு பொருட்டா? அன்றாடப் பயன்பாட்டுக்கான 2,136 காஞ்சி எழுத்துகளுக்குத்தான் பொறுமை வேண்டும்.

ஜப்பானிய மொழித் திறனுக்கான ஜே.எல்.பி.டி. தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். அதன் தொடக்க நிலையான என்5-இல் தொடங்குங்கள். அதில் பேச்சுத் தேர்வு இல்லை. அதனால் தினமும் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். ஒரே எச்சரிக்கை: அனிமே நாயகன் வில்லனிடம் பேசுவதுபோல் ஆசிரியரிடம் பேசிவிடாதீர்கள். அங்கே மரியாதைக்குத் தனி இலக்கணமே உண்டு!