ரோம் பார்த்துவிட்டு வந்தவர்

தருமபுரி மாவட்டத்தில் குடியிருப்போர் சங்கமோ, ஓய்வூதியர் சங்கமோ, கோயில் கமிட்டியோ ஒருநாள் சுற்றுலாவுக்குப் பேருந்து அமர்த்தினால், ஓட்டுநருக்குப் பின்னாலுள்ள முதல் இருக்கையில் ரோம் பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர் அமர்ந்திருப்பது தவிர்க்க இயலாத நியதியாகும். பணி ஓய்வின்போது கைக்கு வந்த தொகையில், பத்து நாளில் ஏழு நாடு என்னும் திட்டத்தில் மனைவியுடன் ஐரோப்பா சென்று திரும்பிய இவருக்கு ரோம் நகரம் வாய்த்தது ஒரே ஒரு நாள். அதிலும் பாதியை வத்திக்கான் வரிசை விழுங்கிவிட, மீதிப் பாதி வழிகாட்டி உயர்த்திப் பிடித்த குடையைத் தவறவிடாமல் பின்தொடர்வதிலேயே கழிந்தது. ஆயினும் அந்த ஒரு நாள், உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அளந்து குறை கண்டு ஒதுக்கப் போதுமான அளவுகோலாக அவரிடம் தங்கிவிட்டது.

அந்த அளவுகோலின் முழு ஆற்றலையும் காண விரும்புவோர், தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாள் கோயிலுக்கு அவருடன் செல்ல வேண்டும். அக்கோயில் மண்டபத்தின் விதானத்தில், அதாவது உட்கூரையில், இராமாயண, மகாபாரதக் காட்சிகள் பழைய வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. ஏனையோர் தலையை நிமிர்த்தும் முன்பே அவர் தொடங்கிவிடுவார்: “இதெல்லாம் என்னங்க, ரோம்ல சிஸ்டைன் சேப்பல்னு ஒண்ணு இருக்குது, மேல பாத்தா கழுத்து சுளுக்கிக்கும்.” மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை அந்தக் கூரையைத் தீட்டினார் என்பது உண்மையே, ஆனால், அதன்கீழ் நின்ற நேரத்தில் பெரும்பகுதியை ரோம் பார்த்தவர் கூட்டத்தில் பிரிந்துபோன மனைவியைத் தேடுவதில் செலவிட்டதை அந்த அம்மையார் பின்னிருக்கையில் பிறரிடம் தெரிவிப்பது வழக்கம். இராவணன் எங்கே என்று ஒரு சிறுமி விரல் நீட்டித் தேடிக்கொண்டிருக்க, அவர் அடுத்த செய்தியைச் சொல்வார்: “அங்க வாயத் திறந்தா உடனே அதட்டுவாங்க, அவ்வளவு அமைதி!” அந்த அமைதியின் சிறப்பை அவர் கால்மணி நேரம் உரத்த குரலில் விளக்குவார், அதற்குள் அர்ச்சகர் நடை சாத்தும் நேரம் வந்துவிடும்.

இத்தகைய சுற்றுலாக்களில் ஊர் வரலாறு அறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக வருவதுண்டு. தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர் என்றும், அங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்தவன் என்றும் அவர் சொல்லிவிட்டு, அசோகரின் பாறைக் கல்வெட்டில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு குறிப்பிடப்படும் சத்தியபுத்திரர் யார் என்னும் நெடுநாள் ஐயம், திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி’ என்ற பெயர் வெளிப்பட்டபோது தீர்ந்தது என்பதை விளக்கத் தொடங்குவார். அதாவது, கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே மௌரியப் பேரரசு பெயர் சொல்லி அறிந்திருந்த மரபு இது. கொலோசியம் என்னும் மாபெரும் வட்டரங்கு ரோமில் திறக்கப்பட்டது கி.பி. 80ஆம் ஆண்டில்தான். ஆனால் அசோகர் பெயர் வந்த மாத்திரத்திலேயே, ரோம் பார்த்தவர் கொலோசியத்தின் முன் எடுத்த புகைப்படத்தைக் கைப்பேசியில் தேடத் தொடங்கிவிடுவதால், ஆசிரியரின் கதை ஜம்பையை எட்டுவதே இல்லை. அந்தப் படத்தில் கொலோசியம் பாதியும் அவருடைய குரங்குக் குல்லாய் மீதியுமாக இருக்கும். உள்ளே சென்றாரா என்று கேட்பது பண்பாகாது. நுழைவுச்சீட்டு அவருடைய திட்டத்தில் சேரவில்லை.

ஒகேனக்கல்லிலும் இதுவே தொடர்கிறது. காவிரி பாறைகளைப் பிளந்து விழும் அவ்விடத்தில் அவருக்கு நினைவு வருவது 1762இல் கட்டி முடிக்கப்பட்ட திரெவி நீரூற்று. அங்கு தோளுக்குப் பின்னால் நாணயத்தை எறிந்தால் மீண்டும் ரோமுக்கு வரலாம் என்பது நம்பிக்கை; அவ்வாறு ஒரு முழு யூரோவை எறிந்தவர், மூங்கில் பின்னலால் ஆன வட்டப் படகாகிய பரிசலைத் துடுப்பால் சுழற்றிப் பிழைக்கும் உழைப்பாளியிடம் ஐம்பது ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடுவார். பரிசல் ஏறிய பின் மட்டும் சற்று நேரம் பேச்சு நிற்கும். அருவியின் சாரல் முகத்தில் விழும்போது அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வதைக் கண்டவர்களுக்கு, நாற்பதாண்டு சிக்கனத்துக்குப் பின் ஒரே ஒருமுறை கடல்கடந்த மனிதர் அந்த நாளைச் சொல்லிச் சொல்லித் தீர்க்க முயல்கிறார் என்பது புரிந்து, ஓரளவு பரிவும் உண்டாகும். அப்பரிவு கரை ஏறும்வரை நிலைக்கும். கரையில் மீன் வறுவலைக் கண்டதும் பீட்சா வந்துவிடும்.

திரும்பும் வழியில் பாப்பாரப்பட்டியில், 1925இல் மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் அவர் பேருந்தைவிட்டு இறங்குவதில்லை. நகரிலுள்ள அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டிருக்கும் நடுகற்களை, அதாவது ஆநிரை மீட்பிலும் போரிலும் இறந்த வீரர்களுக்காக நடப்பட்ட கற்களை, தருமபுரியிலேயே வாழ்நாளைக் கழித்த அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. இது நகைப்புக்குரிய செய்தி அன்று. கேள்வி கேட்க வாய் திறந்த பிள்ளைகள் அவரால் வாய் மூடிக்கொள்கின்றனர்; வழிகாட்டும் ஆசிரியர் அடுத்த ஆண்டு உடல்நலம் சரியில்லை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்.

ஆகவே சுற்றுலா நடத்தும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்: அவருக்குச் சன்னலோர இருக்கையும், முதல் பந்தியில் இடமும், கேட்டால் இரண்டாவது காப்பியும் தாராளமாகக் கொடுக்கலாம், பேருந்தின் மைக்கை மட்டும் கொடுக்க வேண்டாம்.