பிளெண்ட் அக்கா

பிளெண்ட் அக்கா பெரும்பாலும் மணப்பெண்ணின் பெரியம்மா மகள். சில குடும்பங்களில் அத்தை மகளாகவும் அண்ணிக்குத் தங்கையாகவும் காணப்படுவதுண்டு. பதினைந்து நாள் அழகுக்கலைப் பயிற்சியும், சக்கரம் வைத்த ஒரு பெட்டியும், முக்காலியில் நிற்கும் வட்ட விளக்கும் சேர்ந்தால் இந்த வகை உருவாகிவிடும். மண்டபத்தில் இவரைத் தேட வேண்டியதில்லை. மணமகள் அறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கும். வெளியே மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

இவர் கையாளும் கலைக்குக் கான்டூர் என்று பெயர். முகத்தில் எங்கே நிழல் விழுந்தால் எலும்பு எடுப்பாகத் தெரியுமோ அங்கே, தோலைவிட ஓரிரு படி கறுத்த நிறத்தைப் பூசி, அதன் ஓரங்களைக் கண்ணுக்குத் தெரியாமல் கரைத்துவிடுவது. இந்தக் கரைப்புக்குத்தான் பிளெண்ட் என்று பெயர். பூச ஆகும் நேரம் 2 நிமிடம். கரைக்க ஆகும் நேரத்தை எந்தப் பஞ்சாங்கமும் கணித்ததில்லை.

கலை அக்காவோடு தொடங்கியதல்ல. மேடை விளிம்பில் வரிசையாக வைத்த விளக்குகள் கீழிருந்து அடிக்கும்போது முகத்தில் இயற்கையாக விழும் நிழல் அழிந்துபோகும். மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகத் தெரியும். அழிந்த நிழலை நடிகர்கள் சாயத்தால் வரைந்துகொண்டார்கள். அந்தச் சாயத்தைக் குச்சி குச்சியாக விற்றவர்களில் ஒருவர், 1873இல் பெர்லினில் நிறுவனம் தொடங்கிய லுட்விக் லைஷ்னர் என்ற ஓபரா பாடகர். 1930களின் இறுதியில் ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபேக்டர் நிறுவனம் பான்கேக் என்ற ஒப்பனைப் பூச்சைக் கொண்டுவந்தது. சென்னை ஜெமினி ஸ்டுடியோ அதை லாரி லாரியாக வாங்கியதை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். 2010களின் தொடக்கத்தில் தொலைக்காட்சிப் பிரபலமான கிம் கர்தாஷியன், கரைக்காத கோடுகளோடு தன் முகத்தைப் படமெடுத்து ஊருக்குக் காட்டினார். கலை வீட்டுக்குள் வந்துவிட்டது. லைஷ்னருக்கு மேடை இருந்தது, ஜெமினிக்குக் கேமரா இருந்தது, அக்காவுக்குச் சித்தி மகள் இருக்கிறாள்.

பெட்டியில் 40 பிரஷ் உண்டு. வேலை செய்வது 3. மீதி, பெட்டியைத் திறக்கும்போது சுற்றி நிற்பவர்கள் "அம்மாடி!" என்று சொல்வதற்கு. உண்மையான கருவி முட்டை வடிவத்தில் இருக்கும் ஒரு பஞ்சு. 2000களில் ரியா ஆன் சில்வா என்ற அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் இந்த வடிவத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்; தொலைக்காட்சிக் கேமராக்கள் துல்லியமாகி, பூச்சின் ஓரங்களைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியிருந்த காலம் அது. விளிம்பே இல்லாத பஞ்சுக்குக் கோடு போடத் தெரியாது, அதுதான் அதன் சிறப்பு. தண்ணீரில் நனைத்தால் உப்பும். சொட்டாமல் பிழிந்து, ஈரம் மட்டும் நிற்கும்போது ஒத்த வேண்டும். அக்கா நனைப்பதற்கு எடுப்பது பெரும்பாலும் மணப்பெண் குடிக்க வைத்திருந்த தண்ணீர்.

முதலில் இடம் பார்ப்பது. "பாப்பா, மீன் மாதிரி வாயைக் குவி" என்பார் அக்கா. கன்னம் உள்ளே ஒட்டும். ஒட்டிய பள்ளத்துக்குச் சற்று மேலே, காதோரத்திலிருந்து வாய்க்கோடி நோக்கி ஒரு கோடு. கடைக்கண்ணுக்கு நேர் கீழே வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தாண்டினால் முகம் பட்டினி கிடந்ததுபோல் ஆகிவிடும். நெற்றியோரம் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் முகத்தின் ஓரத்தில் 3 என்ற எண்ணை எழுதியதுபோல் இருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் தனித்தனிக் கோடு. இந்தக் கட்டத்தில் மணப்பெண் புலியாட்டத்துக்குப் பாதி வேஷம் கட்டியவள் போலத்தான் இருப்பாள். எட்டிப் பார்க்க வந்த குழந்தை ஒன்று வீறிட்டு ஓடுவது வழக்கம்.

அடுத்தது கரைப்பது. இதில் அக்காவின் பாடம் சுத்தம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒத்த வேண்டும். தேய்த்தால் அடியிலிருக்கும் ஃபவுண்டேஷன் பெயர்ந்து வந்துவிடும். கன்னக்கோட்டை மேல்நோக்கிக் கரைக்க வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் முகமே தொங்கும். நிறம் நடுவில் இருக்கலாம், ஓரம் எங்கே முடிகிறதென்று சொல்ல முடியக் கூடாது. ஒத்தடம் கொடுப்பதுபோல் டப் டப்பென்று நாலு நிமிடம் ஒத்தினால் கோடு மறைந்து நிழலாகும். நாலாவது நிமிடத்தின் முடிவில் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படமாகப் போடலாம்.

அக்கா இரண்டடி பின்னால் போகிறார். தலையை இடது பக்கம் சாய்க்கிறார். ஒரு கண்ணை மூடுகிறார். "இரு இரு. இந்த இடத்துல மட்டும் கோடு தெரியுது."

அந்த இடம் வலது கன்னம். அங்கே பத்து ஒத்து. இப்போது வலது கன்னம் வெளுத்து, இடது கன்னம் கறுத்துத் தெரிகிறது. இடதில் பன்னிரண்டு. இப்போது வலது தூக்கலாக இருக்கிறது. பூனைகளுக்குக் குரங்கு அப்பம் பங்கிட்ட முறை இதுதான். குரங்குக்காவது வயிறு நிரம்பியது. ஆறேழு சுற்றில் இரண்டு கன்னமும் சமமாகின்றன, அதாவது இரண்டிலும் எதுவும் இல்லை. அக்கா மறுபடியும் இரண்டடி பின்னால் போகிறார். தலை சாய்கிறது. "என்ன பாப்பா, மூஞ்சி ஃபிளாட்டா இருக்கு?" கான்டூர் டப்பா மறுபடி திறக்கிறது.

கதவு தட்டப்படுகிறது. "பொண்ணு ரெடியா?"

"ரெண்டே நிமிஷம் சித்தப்பா!"

காலை 6 மணி முகூர்த்தத்துக்கு அக்கா பெட்டியைத் திறந்தது இரவு 2 மணிக்கு. மூன்று மணிக்கு ஒரு தடவை எல்லாம் முடிந்தது. மூன்றரைக்கு இன்னொரு தடவை முடிந்தது. இதற்குள் பவுடரும் போட்டாகிவிட்டது. பவுடருக்கு மேல் மறுபடி கிரீமை வைத்தால் அது கரையாது, திட்டுத் திட்டாக நிற்கும் என்பது இந்தக் கலையின் அரிச்சுவடி. அக்காவுக்கும் தெரியும், அதையே காலை 4 மணிக்கு, கிரீமை வைத்துக்கொண்டே, மணப்பெண்ணின் தோழிகளுக்கு வகுப்பாக எடுக்கிறார். பிறகு திட்டைக் கரைக்க ஈரம் தெளிக்கிறார், ஈரத்தை அடக்கப் பவுடர் போடுகிறார், பவுடரில் நிழல் மூழ்கிவிட்டதால் பவுடர் கான்டூரை எடுக்கிறார். மணப்பெண் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தூங்கும் தலையை ஒரு தோழி தாடைக்கு அடியில் கைகொடுத்துத் தாங்குகிறாள். தாடைக்கோடு அந்தக் கையில் ஒட்டிக்கொள்கிறது. மறுபடி ரெண்டே நிமிஷம்.

இத்தனை உழைப்பின் இலக்கை அக்கா "நேச்சுரல் லுக்" என்கிறார். பூசியது தெரியக் கூடாது. ஆனால் பூசியவர் தெரிய வேண்டும். இந்த வகையின் தீராத துயரம் இதுதான். பந்தியிலும் மேடையோரத்திலும் அக்கா கேட்கும் கேள்வி ஒன்றே: "கான்டூர் பண்ணியிருக்கேன், தெரியுதா?" தெரிகிறது என்றால் வேலை கெட்டது. அக்காவின் முகம் சுண்டிப்போய், கை தானாகப் பையிலிருக்கும் பஞ்சைத் தேடும். தெரியவில்லை என்றால் அக்காவே இல்லை. "நாலு மணி நேரம் போட்டேன், தெரியலையா?" என்று சொல்லி, எதிரே நிற்பவரின் கையைப் பிடித்து மேடைக்கே அழைத்துப்போய்ச் சுட்டிக்காட்டுவார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "பொண்ணுக்கு மேக்கப்பே போடலையா? லட்சணமா இருக்கு" என்று மனதாரச் சொன்னார். இலக்கணப்படி இந்தக் கலைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அக்கா மத்தியானச் சாப்பாட்டில் பாயசத்தைத் தொடவில்லை.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பு கொஞ்சம் குறைகிறது. நிழலுக்குச் சிவப்போ ஆரஞ்சோ கிடையாது; ஆகவே கான்டூர் நிறம் மினுமினுப்பில்லாமல், சூடில்லாத பழுப்பாக இருக்க வேண்டும். வெள்ளைத் தோலுக்கென்று செய்த சாம்பல்பழுப்பை மாநிறத்தில் பூசினால் கன்னத்தில் விபூதி கொட்டியதுபோல் இருக்கும். ஆழ்ந்த காப்பிக்கொட்டை நிறம்தான் இங்கே சரி. அக்காவின் பெட்டியில் அந்த டப்பா இருக்கிறது, மூடி திறக்கப்படாமல். காரணம், அதற்கு வேலையே வருவதில்லை. மணப்பெண்ணின் நிறத்தைவிட மூன்று படி வெளுத்த ஃபவுண்டேஷனைத்தான் அக்கா முதலில் அடிக்கிறார். பிறகு முகம் மாவுபோல் தட்டையாகிவிட்டது என்று அதன்மேல் நிழல் வரைகிறார். அந்த நிழலுக்கு அவர் தேர்ந்தெடுக்கும் பழுப்பைப் பெண்ணின் புறங்கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் வித்தியாசமே இருக்காது. பெண்ணின் சொந்த நிறம், அவளுடைய முகத்தில், மறைக்க வேண்டிய இடங்களுக்கு மட்டும் வைக்கும் சாயமாகிவிடுகிறது. கழுத்தும் கையும் ஒருவருடையது, முகம் வேறொருவருடையது. இதை எவ்வளவு ஒத்தினாலும் இயற்கையாக ஆகாது. ஓரத்தைக் கரைக்க நாலு மணி நேரம் செலவிடும் அக்கா, தாடைக்குக் கீழே இரண்டு நிறமும் சந்திக்கும் பெரிய கோட்டை மட்டும் பார்ப்பதேயில்லை. குற்றம் அவருடையது மட்டும் என்று சொல்லவும் முடியாது. "கொஞ்சம் கலரா காட்டும்மா" என்று காதில் ஓதிவிட்டுப் போனவர்கள் வீட்டுப் பெரியவர்கள்.

மண்டபத்தின் விளக்கு இன்னொரு எதிரி. வட்ட விளக்கின் முன்னால் பொருந்திய நிழலை, மேடையில் வீடியோக்காரர் நேராக அடிக்கும் வெள்ளை வெளிச்சம் ஒரு நொடியில் தின்றுவிடும். வாசல் வெயிலில் அதே நிழல் அழுக்குபோலத் தெரியும். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது விதி. இரவு 2 மணிக்குப் பகலுக்கு எங்கே போவது? பிறகு ஹோமப் புகை, வியர்வை, தாரைவார்க்கும்போது கண்ணீர். அப்போதெல்லாம் அக்கா வீடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் டிஷ்யூவோடு பதுங்கியிருப்பார். இந்த இடத்திலாவது அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெண் அழுததும் மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து அழுவார்கள்; கண்ணுக்குக் கீழே துடைக்காமல் ஒத்தி எடுக்க வேண்டும் என்று நினைவிருப்பது அவர் ஒருவருக்குத்தான்.

அக்காவின் ஆகச் சிறந்த வேலையை யாரும் படமெடுப்பதில்லை. ஐந்தே முக்காலுக்கு, "பெண்ணை அழைச்சிண்டு வாங்கோ" என்று ஐயர் இரண்டாவது தடவை குரல் கொடுத்த பிறகு, மணப்பெண்ணின் அம்மா ஓடிவந்து கதவில் நிற்பார். சமையல்கட்டுக்கும் சீர்வரிசைத் தட்டுகளுக்கும் இடையே ஓடியதில் முகம் எண்ணெய் வழியும். "சித்தி, ஒரு நிமிஷம் உக்காருங்க." கையில் மிச்சமிருக்கும் கிரீமைச் சித்தியின் நிறத்துக்கு மேலேயே, வேறெதுவும் பூசாமல், கன்னத்துக்குக் கீழே இரண்டு ஒத்து, தாடையோரம் இரண்டு ஒத்து. பின்னால் போய்ப் பார்க்க நேரமில்லை. சித்தி மேடைக்கு வந்ததும், "கல்யாண வேலையிலயும் களையா இருக்கீங்களே" என்று நாலு பேர் சொல்வார்கள். ஏன் என்று ஒருவருக்கும் தெரியாது. சித்திக்கே தெரியாது.

கடைசிக் கட்டம் கலைப்பது. மத்தியானம் மூன்று மணிக்கு, நகையெல்லாம் எண்ணிப் பெட்டியில் வைத்த பிறகு, தேங்காயெண்ணெயும் பஞ்சும் வரும். இதையும் வேறொருவர் தொட அக்கா விடமாட்டார். எண்ணெயை முகம் முழுக்கத் தடவிச் சற்று ஊறவிட்டு வழித்தால் அத்தனை அடுக்கும் சேறாக இறங்கும். முதல் பஞ்சு பழுப்பு, இரண்டாவது அதைவிட வெளுப்பு, ஐந்தாவது சுத்தமாக வரும். இரண்டு நாள் தூக்கமில்லாத, சரியாகச் சாப்பிடாத முகம் அடியில் இருக்கும்.

அக்கா இரண்டடி பின்னால் போகிறார். தலையை இடது பக்கம் சாய்க்கிறார். "இரு இரு, கன்னத்துக்குக் கீழ மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு." புதிய பஞ்சில் எண்ணெய் தொட்டு ஒத்துகிறார். பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வருகிறது. மறுபடி ஒத்துகிறார். கன்னத்துக்குக் கீழே அந்த மெல்லிய கறுப்பு அப்படியே இருக்கிறது, ஓரம் எங்கே முடிகிறதென்று சொல்ல முடியாமல்.