லாகோஸ் இல்லம்: நம்ம ஆளுங்களுக்கு மட்டும்

செஞ்சிக்காரர்கள் வெளியூரானுக்கு வீடு கொடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலையையே கொடுத்தவர்கள் நாம். அதுவும் மூன்று மலை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றையும் மதிலால் வளைத்து, நெற்களஞ்சியம், யானைக்குளம், கல்யாண மகால் என்று சகல வசதியோடும் வைத்திருந்தோம். 1649இல் பீஜப்பூர்க்காரர் வந்தார். 1677இல் சிவாஜி வந்தார். அவருடைய இளைய மகன் ராஜாராம் ஔரங்கசீப்புக்குத் தப்பி ஓடிவந்து, வெளியே முகலாயப் படை முற்றுகை போட்டு உட்கார்ந்திருக்க, உள்ளே ஏறக்குறைய எட்டு வருஷம் குடியிருந்தார். 1698இல் முகலாயர், பிறகு புந்தேலர், பிறகு ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் இங்கிலீஷ்காரர்.

ஒருவரிடமும் அட்வான்ஸ் வாங்கவில்லை. "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கவில்லை. வீட்டுக்குள் கறி சமைப்பீர்களா என்று விசாரிக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் வேங்கடரமணர் கோயில் தூண்களையே பெயர்த்துப் புதுச்சேரிக்கு வண்டியேற்றினார். போனால் போகட்டும் என்று விட்டோம். 

தேசிங்கு ராஜா விஷயத்தில் நம் பெருந்தன்மைக்கு அளவே இல்லை. அவர் தேஜ் சிங், புந்தேல்கண்ட் வம்சம். தமிழ் அவர் தாய்மொழி இல்லை, செஞ்சி அவர் பூர்வீகம் இல்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்ட கப்பப் பாக்கியைக் கொடுக்க மறுத்து 1714இல் போரில் செத்தார். பாக்கி வைத்துச் செத்த அந்த வெளியூர் இளைஞனுக்குக் கதைப்பாடல் கட்டினோம், கூத்துக் கட்டினோம், சினிமா எடுத்தோம், அவருடைய குதிரைக்குக்கூடக் கண்ணீர் விட்டோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, பன்னிரண்டாவது நம்முடையது. மராட்டிய மன்னர் பெயரால் நம் ஊருக்கு மரியாதை வந்ததில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இனிப்புதான் கொடுத்தோம்.

ஆகவே வந்தாரை வாழவைப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஒரே ஒரு சின்ன நிபந்தனை உண்டு. வருகிறவன் வாளோடு வர வேண்டும். வாளோடு வந்தால் மலை. படிப்புச் சான்றிதழோடு வந்தால் மொட்டைமாடி ரூம்கூடக் கிடையாது.

இந்த நிபந்தனையை யாரைவிடவும் நன்றாகப் புரிந்துவைத்திருப்பவர் நம் 'ஆப்பிரிக்கா ரிட்டர்ன்' அண்ணன். தனியொருவரைச் சொல்லவில்லை, ஒரு ரகத்தைச் சொல்கிறேன். செஞ்சியில் மட்டுமில்லை, திண்டிவனத்திலும் இருப்பார், தஞ்சாவூரிலும் இருப்பார். நைஜீரியாவில், லாகோஸ் நகரத்தில், ஏதோ ஒரு தொழிற்சாலையிலோ மொத்த வியாபாரக் கம்பெனியிலோ மேனேஜர். லீவில் ஊருக்கு வந்தால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து ஆப்பிரிக்கக் கண்டத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்.

"அது ஒரு ஊராய்யா! கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு கடவுளுக்கே தெரியாது."

அது உண்மைதான். 2024இல் மட்டும் நைஜீரியாவின் மின்தொகுப்பு பத்து தடவைக்கு மேல் சரிந்து விழுந்தது. ஆனால் அண்ணன் குடியிருக்கும் வளாகத்தில் டீசல் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு இருக்கிறது. வாசலில் இரும்புக் கேட், கேட்டுக்கு இரண்டு காவலாளி. சமைக்க ஒரு பெண், கார் ஓட்ட ஒரு ஆள். இருட்டில் உட்கார்ந்திருப்பவள் அந்தச் சமையல்காரப் பெண். அவள் வீட்டில் ஜெனரேட்டர் இல்லை. அவளுடைய இருட்டைப் பற்றித்தான் அண்ணன் டீக்கடையில் அலுத்துக்கொள்கிறார். செஞ்சியில் அவருடைய அம்மா இந்த வயசிலும் தானே பாத்திரம் தேய்க்கிறார் என்பது வேறு கதை.

"ராத்திரி பூரா சர்ச்சுல மைக் செட்டு போட்டுப் பாடறானுங்கப்பா, தூங்க முடியல." ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கிக்குக் கீழே தூங்கி வளர்ந்தவர் சொல்கிறார். "சுத்தமே தெரியாது அவனுங்களுக்கு." ஏரிக்கரையை ஊர்க் குப்பைமேடாக வைத்திருக்கும் தேசத்திலிருந்து போனவர் சொல்கிறார். "கறுப்பனுங்களை நம்பவே கூடாது." இதைச் சொல்லும் அண்ணனின் நிறத்தை நான் எழுத மாட்டேன். அவருக்குப் பெண் பார்த்தபோது 'நல்ல சிவப்பான பெண் தேவை' என்று விளம்பரம் கொடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இத்தனை குறை சொல்பவர் அங்கே எப்படி வீடு பிடித்தார்? அதை டீக்கடையில் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். ஏஜென்ட் ஒருவர் காட்டினார். லாகோஸ் வழக்கப்படி ஒரு வருஷ வாடகை முன்பணம், ஏஜென்ட் கமிஷன், ஒப்பந்தச் செலவு. அநியாயம்தான், கம்பெனி கட்டியது. வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். லாகோஸ் வீட்டுக்காரர்கள் மகான்கள் இல்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு மறுப்பவர் அங்கேயும் உண்டு, இக்போ இனத்தாருக்கு இல்லை என்று சொல்லும் யோருபாக்காரரும் உண்டு. ஆனால் நம் அண்ணனிடம் அவர் குலமும் கேட்கவில்லை, கோத்திரமும் கேட்கவில்லை. கடுகு தாளிக்கும் வாசனை மாடிப்படி முழுக்க இறங்கியபோது மேல்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்தவில்லை; என்ன சமையல் என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஊர்ப் புழுக்கத்தில் இட்லி மாவு ராத்திரிக்கு முன்னாலேயே பொங்கிவிடும். முருங்கைக்கீரை நைஜீரியர்களும் தின்பதுதான், சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். பொங்கலுக்குத் தமிழர்கள் கூடிப் பானை வைத்தால் காவலாளியும் வந்து கை நீட்டிச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொள்வான். வெளிநாட்டுக்காரனுக்கு ஆப்பிரிக்க நகரத்தில் கிடைக்கும் வீட்டு வாழ்க்கை இதுதான்: கரண்டு இல்லாத ஊரில் ஏசி, தண்ணீர் இல்லாத ஊரில் ஷவர், மதிப்புக் கொடுக்காத வாய்க்கு 'ஓகா' என்ற மரியாதை விளி.

அங்கே சம்பாதித்த காசு டாலராகி, ரூபாயாகி, செஞ்சிக்கு வந்து மாடி வீடாக எழுந்தது. நன்றி மறவாதவர் அண்ணன். வாசல் கிரானைட்டில் 'லாகோஸ் இல்லம்' என்று பொறித்திருக்கிறார். கீழே அம்மா. மேலே வாடகைக்கு. கேட்டில் ஒரு பலகை: 'குடும்பத்துக்கு மட்டும். சைவம் மட்டும்.' லாகோஸில் ஆட்டுக்கறி மிளகு சூப்பை அண்டாவோடு சாய்த்துக் குடித்த அதே வாய் இந்தப் பலகைக்கு வாசகம் சொன்னது. பலகையில் எழுதாத மூன்றாவது நிபந்தனையைத் தரகர் வாய்மொழியாகச் சொல்வார்: "நம்ம ஆளுங்களா இருந்தா பரவாயில்லைங்கறாரு."

இப்போது லாகோஸிலிருந்தே ஒரு மாணவன் சென்னைக்குப் படிக்க வருகிறான் என்று வையுங்கள். வையுங்கள் என்ன, வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவன் போனில் பேசும்வரை வீடு காலியாக இருக்கும். நேரில் போய் நின்றதும், "அடடா, இப்பத்தாங்க முடிஞ்சுது." தரகர் காதைக் கடிப்பார்: வாடகை ஒன்றரைப் பங்கு கொடுத்தால் பேசிப் பார்க்கலாம். வீட்டுக்காரர் சட்டமும் பேசுவார். வெளிநாட்டுக்காரரைக் குடிவைத்தால் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவம் நிரப்பி அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமாம், எதற்கு வம்பு? கணினியில் பத்து நிமிஷ வேலை. அதே தெருவில் பிரான்ஸ்காரர் வந்து கேட்டால் அந்தப் படிவத்தை வீட்டுக்காரர் மகனே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்து, அவரோடு செல்பியும் எடுத்துக்கொள்வான்.

வடக்கே இன்னும் சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். 2014 ஜனவரியில் டெல்லி கிர்க்கி பகுதியில் ஆப்பிரிக்கப் பெண்கள் குடியிருந்த வீட்டுக்கு நள்ளிரவில் ஆள்கூட்டிப் போனவர் டெல்லி அரசின் சட்ட அமைச்சர். 2016 ஜனவரி கடைசியில் பெங்களூரில் யாரோ ஒரு சூடான்காரர் செய்த விபத்துக்கு, சம்பந்தமே இல்லாத தான்சானியா மாணவியை ஒரு கும்பல் அடித்து ஆடையைக் கிழித்தது. அதே ஆண்டு மே மாதம் டெல்லியில் ஆட்டோ பிடிப்பதில் நடந்த தகராறில் ஒரு காங்கோ இளைஞர் அடித்தே கொல்லப்பட்டார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பையன் காணாமல் போனதும், பக்கத்து வீட்டு நைஜீரியர்கள் அவனைத் தின்றுவிட்டார்கள் என்று புரளி கிளம்பி, கண்ணில் பட்ட ஆப்பிரிக்கர்களையெல்லாம் அடித்தார்கள். ஆப்பிரிக்கத் தூதர்கள் ஒன்றுகூடி, இது இனவெறி என்று வாய்விட்டே சொல்ல வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் படித்துவிட்டு நாம் 'உச்' கொட்டுவோம். "டெல்லிக்காரன் அப்படித்தான் சார். நம்ம தமிழ்நாடு வேற." வேறுதான். நாம் நாகரிகமானவர்கள். அடிக்க மாட்டோம், கத்த மாட்டோம். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவோம்.

நமக்கு ஞாபகமறதி என்று சொல்ல முடியாது. எந்தக் கல்வெட்டு எந்த மண்டபத்தில் என்று தெரிந்து வைத்திருக்கிறோம். மறந்தது ஒன்றிரண்டுதான். செஞ்சி பீஜப்பூர் கைக்குப் போன 1649இல் அங்கே சுல்தான் முகம்மது ஆதில் ஷா. அவருடைய முதன்மந்திரியாக உயர்ந்த இக்லாஸ் கான் ஓர் அபிசீனியர், ஆப்பிரிக்கர். அரசரோடு அவர் இடம்பெறும் ஓவியங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்த ராஜ்ஜியத்துக்குக் கப்பம் கட்டிய ஊரில், இன்று அந்த நிறத்துக்காரன் ஒற்றை அறைக்குக் கெஞ்ச வேண்டும்.

இன்னொன்று நம் ஜனங்களைப் பற்றியது. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேரை ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேற்றினார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள். இரு ஆற்காடு மாவட்டங்களின் பஞ்சை பராரிகள் அதில் இருந்தார்கள். செஞ்சி அன்று தென்னாற்காட்டில். கரும்புத் தோட்டத்துக் கூலிக் கொட்டடிதான் அவர்களுக்கு ஆப்பிரிக்கா கொடுத்த முதல் வீடு. வெள்ளைக்காரன் கொடுத்தது அது. அடுத்த தலைமுறை டர்பனில் சொந்த வீடு கட்டியதும், 1950இல் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் போட்டு, 'இந்தத் தெரு வெள்ளையருக்கு, நீ ஊருக்கு வெளியே சாட்ஸ்வொர்த்துக்குப் போ' என்று பெயர்த்தெறிந்தான்.

இந்த மாதிரி அநியாயங்களுக்கு இந்தியா கொதித்தது. அந்தச் சட்டத்துக்கு முன்பே, 1946லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை முறித்த முதல் நாடு நாம்தான். ஐ.நா.வில் முழங்கினோம். சரியாகத்தான் முழங்கினோம். அந்த முழக்கம் கேட்ட அதே நாளில் தென்னாற்காட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் ஊர் தனியாக இருந்தது, சேரி தனியாக இருந்தது. இன்றும் போய்ப் பாருங்கள். காலனி என்று பெயர் மாறியிருக்கிறது, இடம் மாறவில்லை. அரசுப் பள்ளிக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர் காலனியில் பிறந்தவராக இருந்தால், டவுனில் வீடு தேடும்போது லாகோஸ் மாணவனுக்குச் சொன்ன அதே பதில்தான் அவருக்கும்: "இப்பத்தாங்க முடிஞ்சுது." அவர் மேல் சந்தேகம் வந்தால் சுற்றி வளைத்து விசாரிப்பார்கள். சொந்த ஊர் எது, எந்தத் தெரு, குலதெய்வம் எது? பாஸ்போர்ட் அதிகாரிகூட இவ்வளவு கேட்க மாட்டார். தென்னாப்பிரிக்க வெள்ளையன் தெருவைப் பிரிக்கச் சட்டம் எழுதி, அச்சடித்து, போலீஸ் வைக்க வேண்டியிருந்தது. நமக்குச் சட்டம் தேவைப்படவில்லை. 'எங்க வூட்டுல பெரியவங்க ஒத்துக்க மாட்டாங்க' என்ற ஒற்றை வாக்கியத்தில் மொத்தச் சட்டமும் அடங்கிவிட்டது.

கணக்குக் கேட்க யாரும் வர மாட்டார்கள் என்று அண்ணன் நினைக்கிறார். செஞ்சித் தூண்களைச் சுற்றிலும் நட்டு நடுவே காந்தி சிலை நிற்கிறது, புதுச்சேரிக் கடற்கரையில். தென்னாப்பிரிக்காவில் இளம் வக்கீலாக இருந்தபோது ஆப்பிரிக்கர்களைப் பற்றி அவர் கேவலமாக எழுதியதை அவர்கள் நூறு வருஷம் கழித்தும் மறக்கவில்லை. 2018 டிசம்பரில் கானா பல்கலைக்கழகம் அவருடைய சிலையை அகற்றியது. பின்னாளில் மனம் விரிந்த காந்திக்கே இந்தக் கணக்கு. டீக்கடையில் 'கறுப்பன்' என்பவருக்கும், அவரோடு சேர்ந்து சிரிப்பவர்களுக்கும் என்ன வட்டி போடுவார்களோ.

சட்டம் என்ன செய்கிறது என்பீர்கள். அரசியல் சாசனம் கடைக்குள்ளும் ஓட்டலுக்குள்ளும் கிணற்றடியிலும் யாரையும் தடுக்காதே என்கிறது. வாடகை வீட்டு வாசலில் வாய்மூடிக்கொள்கிறது. ஒரு சமூகத்தார் தங்கள் வீட்டுவசதிச் சங்கத்தைத் தங்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம் என 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. தமிழ்நாடு 2017இல் புதிய வாடகைச் சட்டம் இயற்றியது. மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்காதே, ஒப்பந்தத்தைப் பதிவு செய், வாடகையை உயர்த்த முன்னறிவிப்புக் கொடு என்று வரிசையாக எழுதினார்கள். சாதிக்காக, மதத்துக்காக, நிறத்துக்காக வீடு மறுப்பது குற்றம் என்று ஒரு வரி எழுத மை தீர்ந்துவிட்டது.

சமூகநீதி மண்ணில் அந்த ஒரு வரிக்கு என்ன தடை? மாநாடு போட ஆள் இருக்கிறது, பேச மைக் இருக்கிறது, சட்டமன்றத்தில் எண்ணிக்கையும் இருக்கிறது. எழுத வேண்டியவர்கள், அதற்குக் கைதூக்க வேண்டியவர்கள், தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள், தலையங்கம் தீட்ட வேண்டியவர்கள் எல்லாருக்கும் ஊரில் ஆளுக்கொரு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. நம்ம ஆளுங்களுக்காக.