ஒயினுக்கு ஒரு வரன்

மாப்ள, கோவிச்சுக்கிடாதீங்க. நேத்து நீங்க ஊத்திக் குடுத்த வெள்ளை ஒயின்ல ஒரு மடக்குதான் குடிச்சேன். தொண்டையில இருந்து அடிவயிறு வரைக்கும் எது எது எங்கெங்க இருக்குன்னு அம்புட்டும் தெரிஞ்சுபோச்சு. ஸ்கேன் எடுக்குற செலவு மிச்சம்.

கம்பத்துல திராட்சைப் பந்தலுக்கு அடியில வளந்தவன் சொல்றேன், பழத்து மேல தப்பு இல்ல. இந்த லோடை ஊரு வெயில்ல வியோனியே திராட்சையை இன்னும் மணக்கட்டும், இன்னும் மணக்கட்டும்னு கொடியிலயே விட்டு வச்சீங்க. மணத்தோட சர்க்கரையும் ஏறிக்கிருச்சு, புளிப்பு இறங்கிப்போச்சு. பறிக்கையில சர்க்கரை அளவு 27 பிரிக்ஸ். அதை ஏறத்தாழ 0.6 ஆல பெருக்குனா 16 சதவீதம் ஆல்கஹால். பள்ளிக்கூடம் போகாத ஈஸ்ட்டு அந்தக் கணக்கைச் சரியாப் போட்டிருச்சு. கலிபோர்னியாவுல கம்ப்யூட்டர் தட்டுற ஆளுக்குத்தான் பிடிபடல.

தண்ணி ஊத்திரலாமான்னு மனசுக்குள்ள ஓடுதுல்ல? ஊத்துங்க, யார் கேக்கப் போறா. 20 லிட்டருக்கு நாலரை லிட்டர் ஊத்துனா 13க்கு வந்துரும். கூடவே இருக்குற கொஞ்சநஞ்சப் புளிப்பும் மணமும் செத்துப்போகும். நொதிக்கிறதுக்கு முன்னாடி சாறுல ஊத்தியிருந்தாலாவது பரவாயில்ல. இப்ப ஊத்துனா அதை ஒயின்னு சொல்ல எம் மக ஒருத்திதான் இருப்பா, அதுவும் விருந்தாளி முன்னால மட்டும். அடுப்புல வச்சு ஆல்கஹாலை ஓட்டலாம்னு கெளம்பிராதீங்க. ஆல்கஹாலுக்கு முன்னாடி மணம் ஓடிரும்.

உங்க ஒயினுக்கு ஒரு வரன் பாக்கணும் மாப்ள. சாராயம் கம்மி, புளிப்பு தூக்கல், ரொம்ப வாய் பேசாத வரன். இங்கன சென்ட்ரல் வேலியில பிரெஞ்ச் கொலம்பார்னு ஒரு திராட்சை இருக்கே, எம்புட்டு வெயில் அடிச்சாலும் புளிப்பை விட்டுக்குடுக்காத பிடிவாதக்காரி. 18, 19 பிரிக்ஸ்ல பறிச்சுப் போட்டா 11லயே நிப்பா. எம் மகளுக்குப் பாத்ததைவிடக் கவனமாப் பாருங்க.

இப்ப எதை எம்புட்டுக் கலக்கணும்னு பாக்க பியர்சன் சதுரக் கணக்கைப் போடுங்க. உங்களது 16, அவ 11, வேண்டியது 13. பதினாறுல பதிமூணு போனா மூணு. அது அவ பங்கு. பதிமூணுல பதினொண்ணு போனா ரெண்டு. அது உங்க பங்கு. அதாவது உங்க 20 லிட்டரைத் திருத்த 30 லிட்டர் கொலம்பார் வேணும்! திருத்த வந்தவ வீட்டையே எழுதி வாங்கிட்டுப் போயிருவா. அதனால ஆசையை 14ல நிறுத்துங்க. அப்ப 13 லிட்டர் சொச்சம் போதும், வியோனியே வாசமும் மிஞ்சும். இம்புட்டுப் போடலாமான்னு பயப்படாதீங்க, வீட்டுல பெரியவுக ரெண்டு பேரு இருந்தா வருசத்துக்கு 200 காலன் சொந்தக் குடிக்குப் போட்டுக்கிரலாம்னு இந்த நாட்டுச் சட்டம் சொல்லுது. விக்கத்தான் கூடாது. அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? வாங்குறவன் ருசி பாக்காமலா வாங்குவான்?

ஒரேயடியாக் கொட்டிக் கலக்கிராதீங்க. உங்களது 60க்கு அவ 40, 70க்கு 30ன்னு நூறு நூறு மில்லி கிளாஸ்ல கலந்து, மூடி வச்சு, மறுநா காலையில பாருங்க. எது எதுன்னு சொல்லாம எம் மக ஊத்தட்டும். நீங்க ஊத்துனா உங்களுக்குப் பிடிச்சதைத்தான் நாக்கு ஜெயிக்க வைக்கும்.

இன்னொண்ணு, இதுதான் பெருசு. 16ல ஈஸ்ட்டு மயங்கிக் கெடக்கும், சாகணும்னு இல்ல. சர்க்கரை கொஞ்சம் மிச்சமிருந்து, நீங்க 14க்கு இறக்குனா முழிச்சுக்கிட்டு மறுபடி வேலையை ஆரம்பிச்சிரும். அந்த நேரம் பாட்டில்ல அடைச்சு வச்சா நடுராத்திரி வெடிக்கும். போலீசு வந்தா நான் ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிருங்க. கலந்த பெறகு ஏர்லாக் மாட்டி ரெண்டு மாசம் சும்மா விடுங்க. புளிப்பு உப்பு படிகமா அடியில எறங்குறதும் அதுக்குள்ள எறங்கிரும். சல்ஃபைட்டையும் திரும்ப ஒரு தடவை அளந்துக்கங்க.

கொலம்பாருக்கு அடுத்த அறுவடை வரைக்கும் பொறுக்க முடியாதுன்னா கடையில போர்ச்சுகல் வின்யோ வெர்டே ஒயின் கிடைக்கும். பல பாட்டில்ல 9ல இருந்து 11 சதவீதத்துக்குள்ளதான் போட்டிருப்பான், புளிப்பும் சுறுசுறுன்னு இருக்கும். வாங்கப் போறப்ப தனியா ரெண்டு பாட்டில் சேத்து வாங்கிருங்க. உங்க ஒயின் தேற ரெண்டு மாசம் ஆகும்ல, அதுவரைக்கும் நான் என்னத்தைக் குடிக்கிறது?