எண்பது ரூபாய் வெற்றிடம்

காரைக்குடிக்காரர்களுக்குச் சாமான் வாங்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழைய பித்தளை விளக்கு வாங்குவதென்றால் தட்டிப் பார்ப்பார்கள், தூக்கிப் பார்ப்பார்கள், கவிழ்த்துப் போட்டு அடியில் ஒட்டு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். "இது பர்மாவுல இருந்து வந்ததா, போன வாரம் வார்த்ததா?" என்று கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதே மனிதர் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஈயம் உறிஞ்சும் பம்ப் வாங்கப் போனால், "அந்த நீலக் கலர்ல ஒண்ணு குடுங்க தம்பி" என்பதோடு ஆராய்ச்சி முடிந்துவிடும்.

நான் பொழுதுபோக்காக ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கிறவன். தொழிலாகப் பார்த்தால் வாடிக்கையாளர் திட்டுவார்; பொழுதுபோக்காகப் பார்த்தால் வீட்டில் திட்டுவார்கள். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

உலோகத்தின் மேல் உலோகம் ஒட்டுவது எங்கள் ஊரில் பெரிய படிப்பு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. செக்ரி என்றால் ஆட்டோக்காரர் நேரே கொண்டுபோய் விடுவார். முலாம் எப்படிப் பூசுவது, பூசியது உரியாமல் எப்படிக் காப்பது, இரும்பைத் துருவிடமிருந்து எப்படி மீட்பது என்றெல்லாம் விஞ்ஞானிகள் அங்கே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஒட்டியதைப் பிரிக்கும் துறையை மட்டும் என் போன்றவர்களிடம் விட்டுவிட்டார்கள்.

பிரிப்பதன் அருமை 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அரசு கொடுத்த இலவச கலர் டிவி வீட்டுக்கு வீடு வந்தது. வந்தது ஓடும், ஓடியது ஒருநாள் நிற்கும் என்பது இயற்கை. பழைய பிக்சர் டியூப் டிவியில் ஒரு பிரசித்தமான நோய் உண்டு: படம் முழுதும் மறைந்து, நடுவில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்கும். பார்த்த மாத்திரத்தில் "வெர்டிகல் ஐசி போச்சு" என்று பக்கத்து வீட்டுப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் கழற்றுவது யார்? பெரும்பாலான செட்டில் அந்த ஐசிக்கு ஏழு கால். ஏழையும் ஒரே நேரத்தில் சூடாக்கி உருவ வேண்டுமென்றால் குன்றக்குடி சண்முகநாதரால்தான் முடியும். அவருக்குப் பன்னிரண்டு கை. இரண்டு கை உள்ளவர்கள் ஒவ்வொரு காலாக ஈயத்தை உறிஞ்சித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பம்ப்.

அமைப்பு ரொம்பச் சாதாரணம். சைக்கிள் பம்ப்பைத் திருப்பிப் போட்ட மாதிரி. ஒரு குழாய், உள்ளே பிஸ்டன், பிஸ்டனைச் சுற்றி ரப்பர் வளையம், ஒரு ஸ்பிரிங், முனையில் மூக்கு. கட்டைவிரலால் தண்டை அழுத்தினால் பிஸ்டன் கீழே போய்க் கொக்கியில் மாட்டிக்கொள்ளும். பொத்தானைத் தட்டினால் 'டப்'பென்று மேலே ஏறும். உள்ளே வெற்றிடம் உண்டாகும், உருகிய ஈயம் மூக்குக்குள் பாயும்.

பாயும் என்றேனே தவிர, பம்ப் எதையும் இழுப்பதில்லை. வெளியே இருக்கும் காற்றுதான் ஈயத்தை உள்ளே தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ என்பதுதான் அதன் பலம். அமெரிக்க எட்சின் கம்பெனியின் சோல்டாபுல்ட் வாங்கினாலும் சரி, ஜப்பானின் இஞ்சினியர் எஸ்எஸ்-02 வாங்கினாலும் சரி, காரைக்குடியில் கிடைக்கும் காற்றுக்கு மேல் ஒரு கிராம் கூடத் தள்ளாது. பிறகு ஏன் எண்பது ரூபாய்க்கும் ஒன்று விற்கிறது, ஆயிரத்தைத் தாண்டியும் ஒன்று விற்கிறது? கிடைக்கிற காற்றை ஒழுக விடாமல் பயன்படுத்துவதற்குத்தான் மீதிக் காசு.

அந்த ஒழுகலைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். தண்டை அழுத்திக் கொக்கியில் மாட்டுங்கள். மூக்கை விரல் நுனியால் இறுக்க மூடிக்கொண்டு பொத்தானைத் தட்டுங்கள். நல்ல பம்ப் என்றால் விரல் நுனியைக் கவ்வும்; பிஸ்டன் தயங்கித் தயங்கி அரைகுறையாக ஏறும். விரல் ஒன்று இருப்பதையே மதிக்காமல் 'டப்'பென்று உச்சிக்குப் போனால், ரப்பர் வளையம் பேருக்குத்தான் இருக்கிறது என்று அர்த்தம். கடைத் தம்பி, "எல்லாமே ஒண்ணுதான் சார்" என்பார். சொல்லட்டும். விளக்கைக் கவிழ்த்துப் பார்த்தபோது மட்டும் கடைக்காரர் சந்தோஷப்பட்டாரா என்ன?

அடுத்து, தண்டு. மலிவான பம்ப்புகளில் தண்டின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பொத்தானைத் தட்டியதும் ஸ்பிரிங் வேகத்தில் மேலே பாயும். நுணுக்கமான வேலை என்று போர்டின் மேல் கவிழ்ந்து பார்ப்பவருக்கு, கண் இருக்கும் உயரமும் தண்டு வந்து நிற்கும் உயரமும் ஒன்றாக அமைந்துவிடும். எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மூக்குக்கண்ணாடி போடுவதே பார்வைக்காக இல்லை. தண்டைச் சுற்றிக் கவசம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது கண்ணாடியைவிட மலிவு.

மூன்றாவது, மூக்கு. இதுதான் உயிர். நல்ல மூக்கு டெஃப்லானில் செய்தது. டெஃப்லான் உருகுவது 327 டிகிரியில். நம் சால்டரிங் அயர்ன் நுனியோ 350-ல் கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் மூக்கு தேய்வதும் கருகுவதும் விதி. மாற்று மூக்கு கிடைக்காத பம்ப்பை வாங்குவது, ரீஃபில் கிடைக்காத பேனா வாங்குகிற புத்திசாலித்தனம்தான். ஜப்பான்காரர்கள் மூக்கில் ஒரு சிலிக்கோன் குழாய்த் துண்டைச் செருகிவிட்டார்கள். அது வளைந்துகொடுத்துக் காலைச் சுற்றி அப்பிக்கொள்ளும், சூட்டையும் தாங்கும், நுனி கருகினால் வெட்டி எறிந்துவிட்டு அடுத்த துண்டைச் செருகலாம். சென்னை ரிச்சி தெருப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லிவிட்டால் மெல்லிய சிலிக்கோன் குழாய் தனியாகவே கிடைக்கும். எண்பது ரூபாய் பம்ப்பின் மூக்கில் மாட்டிவிட்டால் அதுவும் ஜப்பான் பாஷை பேசும்.

வாங்கியாயிற்று. இனி உபயோகம். புதிதாகக் கற்க வருகிறவர்களைத் திகைக்க வைக்கும் பாடம் ஒன்று இதில் உண்டு: ஈயத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் ஈயம் வைக்க வேண்டும். பழைய ஈயம் காய்ந்து, கறுத்து, உருக மறுக்கும். அதிலும் ஈயமில்லாப் பற்றாசு போட்ட இப்போதைய போர்டுகளில் அது உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 183-லிருந்து இளகத் தொடங்கும் நம் 60/40 ஈயக் கம்பியில் கொஞ்சம் மேலே வைத்து உருக்கினால் இரண்டும் கலந்து, ஃப்ளக்ஸின் தயவில் பளபளவென்று ஓடும். அந்த நொடியில் மூக்கைச் செங்குத்தாக வைத்து 'டப்'. பிடிவாதமாகச் சூடுகாட்டிக்கொண்டே இருந்தால் ஈயத்துக்கு முன் போர்டின் செப்புத் தகடு எழுந்து வந்துவிடும். அதை எந்தப் பம்ப்பாலும் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த வித்தையின் புகழ் தெரு முழுதும் பரவியதில் ஒரு சங்கடம் உண்டு. அடுத்த வீட்டு ஆச்சி ஒருநாள் ஓட்டை விழுந்த ஈயச் சொம்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"தம்பி, ஈயம் வச்சுத்தானே வேலை பாக்குறீக? இதையும் கொஞ்சம் அடைச்சுக் குடுங்க. ரசம் வைக்கணும்."

ரசச் சொம்பு வெள்ளீயம், என் கம்பியில் பாதிக்குக் கொஞ்சம் குறையக் காரீயம், அது ரசத்தில் இறங்கினால் உடம்புக்கு விஷம் என்று பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அந்த விஷத்தைத்தான் தினமும் சாப்பாட்டு நேரத்துல மோந்துக்கிட்டு இருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுச் சொம்போடு போய்விட்டார்.

முகருகிற புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸ் புகை, காரீயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும் என்ற என் பதிலைக் கேட்க அவர் நிற்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: ஈயம் தொட்ட கையால் சீயம் தொடக்கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் பலகாரத் தட்டு.

பராமரிப்புக்கு வருவோம். தண்டை அழுத்தும்போதெல்லாம் உள்ளே இருக்கும் கம்பி மூக்கிலிருந்து உறைந்த ஈயத்தை வெளியே தள்ளும். அதைத் தகர டப்பாவுக்குள் தள்ள வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் தள்ளினால் என்ன கிடைக்கும் என்பதை மணமானவர்களுக்கு நான் சொல்ல வேண்டாம். மிச்சம் உள்ளே தூளாகப் பரவி ரப்பர் வளையத்தில் அப்பிக்கொள்ளும். பம்ப் 'டப்' என்பதை விட்டு 'தொப்' என்று இருமத் தொடங்கினால் கழற்றித் துடைக்கும் காலம் வந்துவிட்டது. மரையைக் கழற்றும்போது விரல் காவல் வேண்டும். உள்ளே அடைபட்டிருந்த ஸ்பிரிங் விடுதலையானதும் நேரே அலமாரிக்கு அடியில் போய்த்தான் ஓய்வெடுக்கும்.

உலர்ந்த துணியால் குழாயையும் பிஸ்டனையும் துடைத்துவிட்டு ரப்பர் வளையத்தில் சிலிக்கோன் கிரீஸ் துளி தடவுங்கள். துளி என்றால் துளிதான். நம் ஊரில் எந்த எந்திரம் மக்கர் செய்தாலும் முதல் சிகிச்சை தேங்காய் எண்ணெய். பம்ப்புக்கு அது ஆகாது. ஈயத்தூளோடு சேர்ந்து பிசினாகிவிடும். தையல் மிஷின் எண்ணெயும் வேண்டாம். சில வகை ரப்பர் அதில் ஊதிப்போய், பிஸ்டன் ஏறவும் மாட்டாமல் இறங்கவும் மாட்டாமல் நடுவில் நிற்கும்.

இவ்வளவும் செய்தால் எண்பது ரூபாய் பம்ப்கூட வருஷக்கணக்கில் உழைக்கும். செய்யாவிட்டால் ஆயிரம் ரூபாய் பம்ப்பும் ஒரு தீபாவளியைத் தாண்டாது. கடையில் விரல் வைத்துச் சோதித்து, மாற்று மூக்கோடு சேர்த்து, உங்களுக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். என்னிடம் இரவல் மட்டும் கேட்காதீர்கள்.